ஏழாம் நம்பர் கை

அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துச் சாத்துங்கண்ணே, புழுதியா வருது. நானே சாத்திருவேன், இடது கை மடக்க வராது, அதான். விரலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பாருங்க, ஆட்டுறேன்ல? பிடிக்கும், விடும். முழங்கைதான் மடங்காது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல முன்பக்கமா இருக்கிற தசை செத்துப் போச்சு. செத்துப் போச்சுன்னு சொல்லக் கூடாதாம், தூங்குதுன்னு சொல்லணுமாம். அந்தப் புள்ள அப்பிடித்தான் சொல்லிக் குடுத்துச்சு. அவளைப் பாக்கத்தான் இப்ப நாகர்கோவில் போறேன். பாக்கன்னா, சண்டை போட.

நீங்க எதுவரைக்கும்? வள்ளியூரா? அப்பச் சரி, நேரம் கிடக்கு.

நானும் டிரைவர்தாண்ணே. கவர்மெண்ட் பஸ்சு, பதினேழு வருசம். இப்ப இந்த டிரைவர் ரெண்டாவது கியருக்கு இழுத்தாரே, கேட்டீங்களா அந்தச் சத்தத்தை? அப்பிடி இழுக்கக் கூடாது. இடது முழங்கை மடங்கி, கியர் ராடு நம்ம பக்கம் தானா வரணும். நான் ஓட்டினா பின்னாடி கைப்பிள்ளைக்காரி இருந்தாலும் பிள்ளை முழிக்காது. பெருமைக்குச் சொல்லலை, எங்க டிப்போவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

போன வருசம் ஆடி மாசம். டூட்டி முடிஞ்சு பைக்குல வீட்டுக்குப் போறேன், திருமங்கலம் தாண்டி ஒரு நாய் குறுக்க வந்துச்சு. விழுந்தேன். எலும்பு ஒண்ணும் முறியலை. எல்லாரும் பெரிய புண்ணியம்னாங்க. ஆனா தலை ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் இழுத்ததுல, கழுத்துலேருந்து கைக்கு வர்ற நரம்பு இழுபட்டுப் போச்சு. மதுரையில ஒரு ஆஸ்பத்திரி, பேரு வேணாம். அங்க டாக்டர் சொன்னாரு, "தவமணி, நரம்பு தானா முளைச்சும் வரலாம், வராமயும் போகலாம். மார்கழி வரைக்கும் பாப்போம். வரலைன்னா விரலுக்குப் போற நரம்புல ஒரு இழையைப் பிரிச்சு புஜத்துல வெச்சுத் தைப்போம். ஆனா ரொம்ப நாள் தள்ளக் கூடாது. நரம்பு இல்லாமக் கிடந்தா தசை கரைஞ்சிரும். அப்புறம் எதைக் கொண்டாந்து வெச்சாலும் பிடிக்காது"ன்னு.

இதெல்லாம் நான் கேட்டுக்கிட்டேன். இல்லைங்கலை. ஆனா என் மனசுல ஓடினது வேற. டிப்போவுல என்ன பேசிக்கிட்டிருந்தாங்கன்னா, தவமணிக்குக் கை வராது, லைட் டூட்டி போட்டுரலாம்னு. லைட் டூட்டின்னா தெரியுமாண்ணே? டிப்போ கேட்டுல உக்காந்து, உள்ள வர்ற வண்டி நம்பரை எழுதுறது. நான் ஓட்டின வண்டியை வேற ஒருத்தன் ஓட்டிட்டு வருவான், நான் நோட்டுல எழுதணும். அதுக்கு அந்த நாய் மேலயே ஏத்திட்டுச் செத்திருக்கலாம்.

அப்பத்தான் இந்த ஜெஸ்லின் வந்து சேந்தா. பிசியோதெரபி படிச்சிட்டு மேல ஏதோ ஆராய்ச்சி பண்ணுது. இருபத்தேழு வயசு இருக்கும். என்னைய மாதிரிக் கை அடிபட்ட ஆளுகளை வரச் சொல்லி, வாராவாரம் செவ்வாய்க்கிழமை உக்கார வெச்சு, புஜத்துல ரெண்டு ஸ்டிக்கரை ஒட்டும். அதுலேருந்து ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகும். தசை வேலை செய்யும்போது உள்ளுக்குள்ள லேசாக் கரண்டு ஓடுமாம்ணே. நம்ம உடம்புலயே. அந்தக் கரண்டு திரையில கோடா வரும். நல்ல கைன்னா கோடு கசகசன்னு புதர் மாதிரி எந்திரிக்கும். என் வலது கையில ஒட்டிக் காட்டுச்சு, அப்பிடி எந்திரிச்சுச்சு. இடது கையில ஒட்டுச்சு, சும்மா கிடந்துச்சு.

"மடக்குறதா மனசுல நினைங்கண்ணா." அவ ஊருல அண்ணான்னுதான் கூப்பிடுவாங்க.

நினைச்சேன். நெத்தி வேர்க்க நினைச்சேன். கோடு அசையலை.

முதல் நாளே ஒரு பேப்பரைப் படிச்சுக் காட்டுச்சு, தமிழ்லதான் இருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன். என்ன இருந்துச்சுன்னு கேக்காதீங்க. வாழ்க்கையில நாம எந்தப் பேப்பரைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கோம்?

மூணாவது செவ்வாய்க்கிழமை. எனக்கு எரிச்சல். முழங்கையை நாற்காலிக் கை மேல வெச்சு கோவத்துல ஒரு அமுக்கு அமுக்கினேன். கோடு குதிச்சுச்சுண்ணே! அந்தப் புள்ள குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்துச்சு, நாற்காலி கிறீச்சிட்ட சத்தம் கேட்டுத் தலையைத் தூக்குச்சு. அது மூஞ்சியைப் பாக்கணுமே நீங்க. "அண்ணா! இன்னொரு தடவை!" மறுபடி அமுக்கினேன். மறுபடி குதிச்சுச்சு. கையைத் தட்டுச்சு, சின்னப்பிள்ளை மாதிரி. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு, இல்லம்மா நான் மடக்கலை, பின்பக்கமா அமுக்கினேன்னு எவன் சொல்லுவான்? நீங்க சொல்லுவீங்களா?

சொல்லுவீங்களா? சரி, நீங்க நல்லவரு.

எங்க டிரைவருக எப்பிடின்னா, எங்களுக்கு டெஸ்ட்டுன்னா அது தேறுறதுக்கு. கண்ணு டெஸ்ட்டு வருமில்ல, சுவத்துல எழுத்துத் தொங்கும். முதல்ல போயிட்டு வர்றவன் கடைசி வரியை வெளிய வந்து சொல்லிருவான், மத்தவங்க மனப்பாடம் பண்ணிட்டு உள்ள போவோம். நானெல்லாம் பத்து வருசமா அந்த வரியைத் தூக்கத்துலயும் சொல்லுவேன். பயப்படாதீங்க, எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும். அது ஒரு பழக்கம். டெஸ்ட்டுன்னு ஒண்ணு வெச்சா, அதை எப்பிடித் தாண்டுறதுன்னுதான் கால் ஓடும்.

என் கண்டக்டர் சுந்தரராசுகிட்ட விசயத்தைச் சொன்னேன். அவன் யோசிச்சுட்டு, "அண்ணே, ஒரே நாள்ல நூறு மார்க் எடுத்துராதீங்க, சந்தேகம் வரும். வாரத்துக்கு அஞ்சு அஞ்சா ஏத்துங்க"ன்னான். ஏத்தினேன். வீட்டுல கண்ணாடி முன்னாடி உக்காந்து பழகினேன். தோள் ஆடக் கூடாது, மூஞ்சி கோணக் கூடாது, பின்பக்கத்துத் தசையை மட்டும் இறுக்கணும். பின்பக்கத்துக்கு நரம்பு நல்லா இருந்துச்சு, கையை நீட்டுறதுக்கு உள்ள தசை அது. அங்க இறுக்கினா முன்னாடி ஒட்டின ஸ்டிக்கர் அந்தக் கரண்டையும் சேத்து வாங்கிருது. ஒட்டுச் சுவரு வீட்டுல டிவி போட்டா நமக்குக் கேக்குற மாதிரி. எனக்கு அப்ப இந்த விவரமெல்லாம் தெரியாது. கோடு ஏறுது, அம்புட்டுத்தான் தெரியும்.

அந்தப் புள்ளைக்கு என் மேல அப்பிடி ஒரு பிரியம். நான் கொய்யாப்பழம் கொண்டு போவேன், அது கேக்கு வெச்சிருக்கும் எனக்கு. வாராவாரம் கோடு பெருசாச்சு. என் கோட்டையெல்லாம் வரிசையா அடுக்கி, படிக்கட்டு மாதிரி ஏறுறதைக் காட்டுச்சு. கோயமுத்தூர்ல பெரிய டாக்டர்மாரு கூட்டத்துல மேடையில போட்டுக் காட்டுச்சாம். "பேரு போட மாட்டோம்ணா, நம்பர்தான். நீங்க ஏழாம் நம்பர்"னுச்சு. டிப்போ முழுக்கச் சொன்னேன், என் கை கோயமுத்தூர் மேடை ஏறிருச்சுன்னு. லைட் டூட்டிப் பேச்சு நின்னு போச்சு.

மார்கழியில டாக்டர் ஊசி டெஸ்ட்டு எழுதினாரு. ஊசியைத் தசைக்குள்ளயே விட்டுப் பாக்குறது. அதுல பக்கத்து வீட்டு டிவியெல்லாம் கேக்காது. நான் போகலை. காய்ச்சல்னேன். ஏன் போகலைன்னு ஜெஸ்லின் கேட்டுச்சு, ஊசின்னா எனக்குப் பயம்மான்னேன். அது உடனே டாக்டர்கிட்டப் போயி, "சார், கோடு நல்லா ஏறிட்டிருக்கு, ஒரு மாசம் கழிச்சுப் பாக்கலாம்"னு சொல்லுச்சு. அவரும் சரின்னாரு. ஆபரேசனைத் தள்ளி வெச்சாங்க. எனக்காக அதுதான் பேசுச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கங்கண்ணே. அவ வாயாலதான் சொன்னா, நல்லா ஏறுதுன்னு. அப்புறம் அவளேதான் மாத்திச் சொன்னா. இதுக்குப் பேரு என்ன?

என் வீட்டுக்காரியும் சேர்த்தி. அங்காளஈஸ்வரி. வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தவகிட்ட இந்தப் புள்ள போய், "அக்கா, வீட்டுல அண்ணா டம்ளர் தூக்குறாங்களா?"ன்னு கேட்டிருக்கு. நான் முன்னாடியே தூக்குறேன்னு சொல்லி வெச்சிருந்தேன். இவ என்ன சொல்லணும்? ஆமான்னு ஒரு வார்த்தை. "எங்கம்மா, சட்டையே நாந்தான் மாட்டிவிடுறேன்"னு சொல்லிட்டா. கட்டின பொண்டாட்டி! பதினோரு நாள் அவகூட நான் பேசலை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, தை முடியப் போகுது. ஜெஸ்லின் முன்னாடி ஒட்டுச்சு. அப்புறம் பின்பக்கமும் ரெண்டு ஒட்டுச்சு. "இது எதுக்கும்மா?"ன்னேன். "சும்மாண்ணா"ன்னுச்சு. சும்மாவாம்! நாலு மாசம் நான் குடுத்த கொய்யாவைத் தின்னுட்டு, சும்மாண்ணான்னு சொல்லுது. அதைத்தாண்ணே என்னால பொறுக்க முடியலை. நேரா கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா? பின்பக்கமா வந்து ஒட்டணுமா?

அமுக்கினேன். திரையில ரெண்டு கோடு. முன்னாடி கோடு ஏறும்போது பின்னாடி கோடும் ஏறுது, இது இறங்கும்போது அதுவும் இறங்குது. பின்னாடி கோடுதான் பெருசு. அந்தப் புள்ள ஒண்ணை எடுத்து இன்னொண்ணு மேல வெச்சுப் பாத்துச்சு. ஒரே மாதிரி. அப்புறம் எந்திரிச்சு வந்து, என் கைக்குப் பின்னாடி அது உள்ளங்கையை வெச்சு, "இங்க இறுக்காம மடக்குங்கண்ணா"ன்னுச்சு.

நான் என்னத்தை மடக்க? கோடு கிடந்துச்சு, முதல் நாள் கிடந்த மாதிரியே.

திட்டும்னு பாத்தேன். திட்டலை. வாராவாரம் தொடைக்கிற மாதிரியே பஞ்சுல பசையைத் தொடைச்சு விட்டுச்சு. தொடைச்சுக்கிட்டே சொல்லுச்சு, "அண்ணா, இது பாஸ் ஃபெயில் போடுற டெஸ்ட்டு இல்லைண்ணா. இந்தப் பேப்பர் உங்க டிப்போவுக்கும் போகாது, எங்கயும் போகாது. முதல் நாளே படிச்சேனே. உங்க நரம்பு எதுவரைக்கும் வந்திருக்குன்னு தேடுறதுக்குத்தான் இது. நான் நாலு மாசமாத் தப்பான இடத்துல தேடிட்டு இருந்திருக்கேன்"னு. சொல்லிட்டு எந்திரிச்சு நேரா டாக்டர் ரூமுக்குப் போயிருச்சு. கண்ணு செவந்திருந்துச்சு. என் கண்ணு செவக்கலையா? அதை யாரு பாத்தா?

என் வீட்டுக்காரி முன்னாடியே டாக்டர் என்னைய நிக்க வெச்சுப் பேசினாரு. "உன் கைக்கு இருந்த நாளே கொஞ்சம், அதுல ரெண்டு மாசத்தை நீயே தின்னுட்டியே"ன்னாரு. அப்ப இந்தப் புள்ள குறுக்க வந்து, "தப்பு என் பேர்ல சார். பின்பக்கத் தசையையும் நான் முதல் நாளே சேத்துப் பாத்திருக்கணும்"னுச்சு.

பாத்தீங்களா? அவளே ஒத்துக்கிட்டா! தப்பு அவ பேர்லதான்னு அவ வாயாலயே வந்துருச்சு. டாக்டர் அதைக் காதுல வாங்கின மாதிரியே தெரியலை.

மாசியில ஆபரேசன். ஏழு மணி நேரம். டாக்டர் உறுதி சொல்லலை. "நரம்பை வெச்சிருக்கோம், பிடிக்குதான்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும். மார்கழியிலயே பண்ணியிருந்தா தெம்பாச் சொல்லியிருப்பேன்"னாரு. நான் படுத்திருந்த அஞ்சு நாளும் ஜெஸ்லின் ஒரு தடவைகூட எட்டிப் பாக்கலைன்னு வெச்சுக்கங்க. வந்துச்சுன்னு என் வீட்டுக்காரி சொல்றா. நான் தூங்கும்போது வந்துட்டுப் போச்சாம். அது வந்த மாதிரியா?

அப்புறம்தான் கேள்விப்பட்டேன், ஏழாம் நம்பரையே தூக்கிட்டா. என்னோட அத்தனை செவ்வாய்க்கிழமையையும், கோயமுத்தூர்ல காட்டின கோட்டையும், மொத்தமா அழிச்சுட்டா. மேடையில காட்டினது தப்புன்னு அந்த டாக்டர்மாருக்கெல்லாம் லெட்டர் எழுதிட்டாளாம். மத்த ஆளுகளுக்கும் பின்பக்கம் ஒட்டி முதல்லேருந்து எடுக்கணும்னு ஆயிருச்சாம். படிப்பு ஒரு வருசம் தள்ளிப் போச்சு, உதவிப் பணம் நின்னு போச்சு, சொந்த ஊரு நாகர்கோவிலுக்கே போயி அங்க ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேந்துட்டு மிச்சத்தை எழுதுதாம். அது அவ பாடு. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம என் கோட்டை அழிக்கலாமா? நாலு மாசம் ஒரு மனுசன் வந்து உக்காந்திருக்கேன். வந்ததே இல்லைங்கிற மாதிரி ஆக்கிட்டா.

அதான் சண்டை போடப் போறேன்.

அதுக்கு ஏன் இத்தனை மாசம் கழிச்சுங்கிறீங்களா? சொல்றேன்.

போன வாரம் ஆறு மாசம் முடிஞ்சுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெஸ்லின் இடத்துல இப்ப ஒரு பெரியவரு இருக்காரு, அம்பது வயசுக்கு மேல, தங்கமான மனுசன். விரலை இறுக்கி முஷ்டி பிடிக்கச் சொன்னாரு. விரல் நரம்புலேருந்து எடுத்ததுனால, முஷ்டி பிடிச்சா புஜம் முழிக்கணுமாம். பிடிச்சேன். கோடு ஏறுச்சு. "வருதுப்பா தவமணி!"ன்னு முதுகுல தட்டினாரு. பேப்பர்ல எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டாரு. இந்தா, பையிலதான் இருக்கு. அடுத்த மாசம் மெடிக்கல் போர்டு. இதைக் கொண்டுபோய் நீட்டினா வண்டிக்குத் திரும்ப ஒரு வழி பிறக்கும்னு சுந்தரராசு துள்ளுறான். டிப்போவுல எனக்கு மாலை வாங்கி வெச்சிருக்கானுக.

அவரு பின்பக்கம் ஒட்டலைண்ணே.

ஒட்டச் சொல்லலாமேங்கிறீங்க. ஏன்னு கேப்பாரே. நான் என்னன்னு சொல்ல?

நான் வேணும்னு அமுக்கலைண்ணே. சத்தியமா அமுக்கலை. ஆனா நாலு மாசம் கண்ணாடி முன்னாடி உக்காந்து பழக்கின கை இது. ஸ்டிக்கர் ஒட்டின உடனே தானா அமுக்குதோ என்னமோ, எனக்குத் தெரியலை. வீட்டுல வந்து சட்டையைக் கழட்டிட்டு உக்காந்தேன். அங்காளஈஸ்வரியைப் புஜத்துல விரலை வெக்கச் சொல்லி முஷ்டி பிடிச்சேன். "துடிக்குது"ன்னா. அவ அழுதா. நான் அவ மூஞ்சியைப் பாத்தேன். கை துடிச்சதுக்கு அழுறாளா, நான் பாவம்னு அழுறாளா, கண்டுபிடிக்க முடியலை. அப்ப ஆஸ்பத்திரியில, சட்டை மாட்டிவிடுறேன்னு உண்மையைச் சொன்னவதான். இருந்தாலும் அன்னைக்கு நான் நம்பலை. டாக்டர் நாளைக்கு நல்லா இருக்குன்னாலும் நம்ப மாட்டேன். என் கையை நானே நம்பலை, வேற யாரை நம்ப?

ரெண்டாவது கியரை இழுக்கணும்ணே. பின்னாடி அம்பது பேரு உக்காந்திருப்பாங்க. அங்க கியரைக் கோடு வந்து இழுக்காது.

நேத்து அந்தப் புள்ளைக்குப் போன் போட்டேன். எடுக்காதுன்னு நினைச்சேன். எடுத்துருச்சு. "யாரு?"ன்னுச்சு. ஏழாம் நம்பர்னேன். அப்புறம், "கை எப்பிடிண்ணா இருக்கு?"ன்னுச்சு. அம்புட்டுத்தான் கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கலை.

நாளைக்கு வர்றேன்னு சொல்லி வெச்சுட்டேன்.

வள்ளியூர் வந்துருச்சு போல, இறங்குங்க, பையைப் பாத்து எடுங்க. என்ன சண்டை போடுவேன்னு கேக்குறீங்களா? எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன். போன உடனே கேப்பேன், ஏன்டி சும்மாண்ணான்னு பொய் சொன்னேன்னு. ஏன்டி என் கோட்டை அழிச்சேன்னு. நல்லாக் கேப்பேன், நாலு பேரு இருந்தாலும் சரி. கேட்டுட்டு, சட்டையைக் கழட்டிட்டு உக்காருவேன். முன்னாடியும் ஒட்டட்டும், பின்னாடியும் ஒட்டட்டும், எங்க வேணும்னாலும் ஒட்டிக்கட்டும். வந்தா வருதுன்னு சொல்லட்டும். வரலைன்னா, வரலைண்ணான்னு அவதான் என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும்.